ரிசோட்டோவும் நூறு தடா அக்காரவடிசிலும்

நம் குடியிருப்பில் இப்போது பல வீடுகளில் ரிசோட்டோ செய்கிறார்கள். காளான் போட்டது, பூசணி போட்டது, குங்குமப்பூ போட்டது என்று விதவிதமாக. நல்லதுதான். ஆனால் அரிசியைக் குழையக் கிளறும் கலையில் நம் ஊருக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் இத்தாலி. அரிசியை வெண்ணெயில் வறுத்து, கொதிக்கும் காய்கறிச் சாற்றையோ இறைச்சிச் சாற்றையோ கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறினால், மாவுச்சத்து கரைந்து இளகி வரும். அதுதான் ரிசோட்டோ. அங்கே நெல் சாகுபடி 15ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அர்துசி என்பவர் 1891-ல் வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலில் மிலான் ரிசோட்டோவுக்கு மட்டும் மூன்று செய்முறைகள் உண்டு. ஒரே ஊர்ப் பண்டத்துக்கு மூன்று பக்குவம்! நம் வீட்டு சாம்பார் மாதிரிதான்.

இனி நம் ஊர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்துதான் இந்தப் பகுதிக்கே வரலாறு என்று புதிதாகக் குடிவந்தவர்கள் நினைக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த தலம். மரபுப்படி ஆண்டு 1017. அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பு வாழ்ந்தவள் ஆண்டாள். மாலிருஞ்சோலைப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக அவள் நேர்ந்துகொண்டதை நாச்சியார் திருமொழி சொல்கிறது. தடா என்றால் பெரிய பானை. அவள் அதைச் செலுத்தியதாகச் செய்தி இல்லை. வங்கி மொழியில் சொன்னால், நிலுவைக் கணக்கு.

அந்த நிலுவையை அடைத்தவர் ராமானுஜர் என்பது வைணவ மரபு. மதுரை அருகே அழகர்கோயிலில் நூறு தடா வெண்ணெயும் அக்காரவடிசிலும் படைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனவரை, ஆண்டாள் அண்ணா என்று அழைத்தாளாம். பிற்காலத்தவர் எப்படி அண்ணன் ஆவார்? தங்கை நேர்ந்ததை நிறைவேற்றுவது அண்ணன் கடமையல்லவா! கோயில் அண்ணன் என்ற பெயர் அதனால் வந்தது. இதற்குக் கல்வெட்டுச் சான்று காட்ட முடியாது; குருபரம்பரைச் செய்தி. ஆனாலும் கடன் வாங்கியவர் ஒருவர், கேட்காமலே அடைத்தவர் இன்னொருவர் என்பதை என் பணிக்காலம் முழுவதும் நான் பார்த்ததில்லை.

இங்கே வேலைக்கு வந்த கொரியர்களுக்கு ஜூக், ஜப்பானியர்களுக்கு ஒகாயு, வடமாநிலத் தொழிலாளர்களுக்குக் கிச்சடி என்று ஆளுக்கொரு குழைந்த அரிசி உணவு இருக்கிறது. ஆகவே லிஃப்டில் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல விஷயம் கிடையாது.

இப்போது அடுப்படி. அக்காரவடிசிலுக்கும் பச்சரிசியையும் கொஞ்சம் பாசிப்பருப்பையும் நெய்யில் வறுத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். தண்ணீருக்குப் பதில் பால். சிறிது சிறிதாக விட்டு, மெல்லிய தீயில் கிளற வேண்டும். ரிசோட்டோவில் அரிசியின் நடுவே சற்றுப் பல்லில் தட்டுப்பட வேண்டும். இதில் அடியோடு மசிய வேண்டும். இரண்டுக்குமே புழுங்கலரிசி சரிவராது. புழுக்கும்போதே அதன் மாவுச்சத்து இறுகிவிடுவதால் எளிதில் குழையாது.

கூடாரவல்லி, மார்கழி 27, ஜனவரி 11-ஐ ஒட்டி வரும். அன்று செய்து பார்ப்பவர்கள் வெல்லத்தைப் பாகாக்கி, அரிசி நன்றாக மசிந்த பிறகே சேருங்கள். முன்னே சேர்த்தால் அரிசி விறைத்துக்கொள்ளும், பாலும் திரியலாம்.