அழித்தவர்களும் பதிந்தவர்களும்

1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை, பிபிசி தொலைக்காட்சியில் ‘டாக்டர் ஹூ’ என்ற தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பாயிற்று. அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். உலகம் வேறு செய்தியில் மூழ்கியிருந்தமையால், அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னர் முதல் பகுதியை மறுபடியும் காட்டவேண்டியதாயிற்று. காவல்துறைத் தொலைபேசிக் கூண்டு ஒன்றில் ஏறிக் காலத்தைக் கடந்து திரியும் ஒரு விசித்திரக் கிழவனின் கதை அது. 1989 வரை ஓடி, நின்று, 2005இல் மீண்டும் உயிர்பெற்றது. முதல் ஆறாண்டுகளில், வில்லியம் ஹார்ட்னெலும் பேட்ரிக் ட்ரௌட்டனும் நாயகராக நடித்த காலத்தில் மட்டும், 253 பகுதிகள் ஒளிபரப்பாயின. அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இன்று காட்சியாக இல்லை. தயாரித்த நிறுவனமே அழித்துவிட்டது. ஆனால் அந்த 253 பகுதிகளின் ஒலியும் ஒன்று விடாமல் முழுமையாகக் கிடைக்கிறது. அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அழித்தவர்களைக் கயவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அவர்கள் கணக்குப் பார்த்தவர்கள், அவ்வளவே. அன்றைய வீடியோ நாடா இரண்டு அங்குல அகலம் கொண்டது, விலை மிகுந்தது, ஒன்றை அழித்து மற்றொன்றைப் பதியலாம் என்பதே அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. நடிகர் சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் மறு ஒளிபரப்புச் செய்ய முடியாது. செய்யவேண்டுமானால் புதிதாகப் பேசி, புதிதாகப் பணம் தரவேண்டும். 1969 நவம்பரில் முதன்மை அலைவரிசையும் வண்ணத்துக்கு மாறியபின் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளை விரும்புவோர் குறைந்தனர். பழைய நிகழ்ச்சியை வீட்டுக்கு வாங்கிச் சென்று பார்க்கும் காலம் வரும் என்று எவரும் எண்ணவில்லை. வெளிநாட்டு விற்பனைக்காக 16 மி.மீ. பிலிமில் எடுத்த படிகள் வேறொரு பிரிவின் பொறுப்பில் இருந்தன. நாடாவை அழித்தவர்கள் பிலிம் இருக்கிறதே என்றிருந்தனர்; பிலிமை எறிந்தவர்கள் மூலநாடா இருக்குமே என்றிருந்தனர். எல்லாவற்றையும் காக்கும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை.

இந்தத் தொடருக்கு மட்டும் நேர்ந்த கதியன்று இது. 1969இல் மனிதன் நிலவில் இறங்கியபோது பிபிசி தன் அரங்கிலிருந்து செய்த நேரடி ஒளிபரப்பின் பெரும்பகுதி இன்று இல்லை. இளைஞராயிருந்த பாப் டிலன் நடித்துப் பாடிய 1963ஆம் ஆண்டு நாடகம் ஒன்றும் 1968இல் அழிக்கப்பட்டது. டிலனின் குரல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதுவும் எவரோ வீட்டில் பதிந்து வைத்திருந்ததால். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டதாகக் கேட்டு உ.வே.சா. மனம் நொந்த செய்தியைத் தமிழ் படித்தோர் அறிவர். அங்கே அழித்தவர்களுக்குச் சாத்திரம் துணை நின்றது, இங்கே அலுவலகப் படிவம்.

இனி, பதிந்தவர்களைப் பார்ப்போம். 1960களின் பிரிட்டனில் வீடியோப் பதிவுக் கருவி என்பது சாமானியர் கனவிலும் காணாதது. ஆனால் சுருள்நாடா டேப் ரெக்கார்டர் நடுத்தர வீடுகளுக்கு வந்துவிட்டிருந்தது. தொடரில் மனம் பறிகொடுத்த சிறுவர் சிலர் அதைத் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு முன் வைத்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு வீட்டாரை வாயடைக்கச் செய்தனர். இன்னும் துணிந்த ஒருவர் பெட்டியைத் திறந்து ஒலிபெருக்கியின் முனைகளிலேயே கம்பியை இணைத்துவிட்டார். அக்காலப் பெட்டிகள் பலவற்றின் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் பாயும். கை தவறினால் உயிர் போகும். அந்தப் பதிவுகளின் தெளிவு இன்றும் ஒலிப்பொறியாளர்களை வியக்கவைக்கிறது. ஒலியோடு நில்லாமல் படத்தையும் பிடிக்க முயன்றவர் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒருவர் 8 மி.மீ. படக்கருவியைத் திரைக்கு நேரே பிடித்துச் சில விநாடிக் காட்சிகளை எடுத்துவைத்தார். மூலம் அழிந்த சில காட்சிகளுக்கு அதுவே இன்று சான்று. தொழிலாகவே செய்தவரும் ஒருவர் இருந்தார். ஜான் கூரா என்னும் புகைப்படக்காரர் ஒளிபரப்பின்போது திரையையே படமெடுத்து, நிகழ்ச்சிக்கு அறுபது எழுபது படங்களாக நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றார். தாங்கள் நடித்ததைக் காண அவர்களுக்கே வேறு வழியிருக்கவில்லை.

இச்சிறுவர்கள் எதிர்காலத்துக்காகச் சேமிக்கவில்லை என்பதை வலியுறுத்திச் சொல்லவேண்டும். ஒருமுறை பார்த்தது போய்விடும், மறுமுறை கிடையாது. ஆகவே கேட்டு, நினைத்து, நண்பர்களோடு பேசிக்கொள்ளவே பதிந்தனர். 1976இல் ரசிகர் சங்கம் ஒன்று முறையாகத் தோன்றியபின் அந்தப் பேச்சு கடிதங்களாகவும் கையச்சு இதழ்களாகவும் விரிந்தது. ஒலிநாடாக்கள் அஞ்சலில் பயணம் செய்தன. படியின் படி, அதற்கொரு படி என்று இரைச்சல் கூடிக்கொண்டே போயிற்று. 1973 முதல் வெளிவந்த டார்கெட் பதிப்பக நாவல் வடிவங்களை ஒரு கையில் வைத்துக்கொண்டு, நாடாவில் கேட்கும் காலடியோசை எந்தக் காட்சிக்குரியது என்று வாதிட்டனர். பாடபேதம் பார்ப்பதற்கு இது சற்றும் குறைந்ததல்ல. வீடியோப் பதிவுக் கருவி பரவியதும் ஆஸ்திரேலிய நண்பர்கள் அங்கு மறு ஒளிபரப்பானவற்றைப் பதிந்து அனுப்பினர். இருநாட்டிலும் ஒளிபரப்பு முறை ஒன்றே என்பதால் நாடா தடையின்றி ஓடியது.

இதில் சட்டச் சிக்கல் இல்லாமலில்லை. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிந்துகொள்வதை பிரிட்டிஷ் சட்டம் வெளிப்படையாக அனுமதித்தது 1988இல்தான். படியெடுத்து நண்பருக்கு அனுப்புவது அந்தச் சலுகைக்குள்ளும் வராது. உரிமையாளர் உரிமையோடு அழித்தார். உரிமையற்றவர் விதியை மீறிக் காத்தார். இதை ஒப்புக்கொள்ளாமல் தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதமுடியாது என்பது என் கருத்து.

1978இல் இசைத்தட்டுத் தயாரிப்பாளரான ரசிகர் ஐயன் லெவின், நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்கே சென்று பார்த்தபோது, டாலெக் என்னும் இயந்திரப் பகைவர் முதன்முதல் தோன்றும் கதையின் பிலிம்கள் குப்பைக்குப் போகக் காத்திருந்தன. அவை அன்று தப்பின. ஏறத்தாழ அதே காலத்தில் பிபிசியும் எதைக் காப்பது என்று தேர்வு செய்யும் பொறுப்பை சூ மால்டன் என்பவரிடம் ஒப்படைத்தது. பின்னர்த் தேடல் தொடங்கியது. 1983இல் லண்டன் கிளாப்பம் பகுதியில் மோர்மன் திருச்சபைக் கட்டடமொன்றின் அடித்தளத்தில் இரண்டு பகுதிகள் அகப்பட்டன. 1991இல் ஹாங்காங்கிலிருந்து முழுக்கதை ஒன்று திரும்பியது. நைஜீரியாவின் ஜோஸ் நகரில் பிலிப் மோரிஸ் கண்டெடுத்த ஒன்பது பகுதிகள் 2013 அக்டோபரில் அறிவிக்கப்பட்டன. விடுபட்டவை 97ஆகக் குறைந்தன. எனக்கு மிகவும் பிடித்தது 1996இல் ஆஸ்திரேலிய ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. வன்முறை, அச்சம் என்று தணிக்கையாளர் வெட்டியெடுத்த துண்டுகள் அவை. முழுப்படம் அழிந்துபோக, காட்டக்கூடாது என்று விலக்கியது மட்டும் கோப்பில் பத்திரமாக இருந்தது!

வண்ணத்துக்கும் ரசிகரே உதவினர். 1971இல் வந்த ‘தி டீமன்ஸ்’ கதையின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளைப் பிலிமாகவே எஞ்சியிருந்தது. அமெரிக்க ஒளிபரப்பிலிருந்து ஒருவர் வீட்டில் பதிந்த மங்கலான வண்ணநாடா கிடைத்தது. பிலிமின் தெளிவின்மேல் நாடாவின் நிறத்தைப் பொருத்தி 1992இல் அதை மீட்டனர். படமே இல்லாத பகுதிகளுக்கு ஓவிய அசைவுப்படம் தயாரிக்கும் முறை 2006இல் வந்தது. 2016இல் ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ என்னும் ஆறு பகுதிக் கதை முழுவதையும் அவ்வாறே வரைந்து, அதே பிபிசி விற்பனைக்கு வைத்தது. ஓவியங்களுக்கு அடியில் ஓடுவது அன்று வீடுகளில் பதிந்த ஒலியே.

இன்றைய நிலையில் வேறுபாடு ஒன்றுண்டு. அன்று நிகழ்ச்சி வீட்டுக்குள் வந்தது. கையில் கருவி இருந்தவர் பிடித்துக்கொண்டார். இப்போது பலவும் நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கின்றன. நமக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டுமே. ‘வில்லோ’ என்ற தொடரை டிஸ்னி நிறுவனம் 2022இல் வெளியிட்டு, 2023 மே மாதத்திலேயே தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. வீடியோ விளையாட்டின் நிலை இன்னும் மோசம். யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டைத் தனியே ஆடுவதற்கும் அதன் சேவையகத் தொடர்பு வேண்டும். 2024 மார்ச் 31இல் சேவையகம் நிறுத்தப்பட்டதும், காசு கொடுத்து வாங்கியவர் கையிலிருந்த வட்டும் பயனற்றுப் போயிற்று. ஆனால் நிறுத்துவதற்கு முன்பே ரசிகர் சிலர், தம் கணினிக்கும் சேவையகத்துக்கும் இடையே போய்வந்த தரவுகளைப் பதிந்து வைத்துக்கொண்டிருந்தனர். அவற்றைக் கொண்டு மாற்றுச் சேவையகம் ஒன்றை அவர்களே எழுதினர். 2025 செப்டம்பரில் அந்தக் கார்கள் மறுபடியும் ஓடத் தொடங்கின.