முள்ளை நம்பக்கூடாத சிலிண்டரும் ஒரு தச்சர் மகனும்

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து மெஷினோடு இரண்டு சிலிண்டர் மாட்டியிருக்கும். ஒன்று ஆக்சிஜன். இன்னொன்று நைட்ரஸ் ஆக்சைடு; சிரிப்பு வாயுன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அதுதான்.

ஆக்சிஜன் சிலிண்டரில் பிரஷர் பாதியானால், வாயுவும் ஏறக்குறைய பாதி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நைட்ரஸை அப்படிக் கணக்குப் போட்டால் போச்சு! அறை வெப்பநிலையில் பாதிக்கு மேல் காலியான பிறகும் முள் 50 பார் பக்கத்திலேயே நிற்கும். உள்ளே இருக்கும் திரவம் தீர்ந்ததும் மளமளவென இறங்கும். மிச்சம் எவ்வளவு என்று தெரிய எடைதான் போடணும்.

ஏன் இப்படி?

பள்ளியில் படித்த வாயுச் சூத்திரம் இரண்டு விஷயங்களைக் கண்டுகொள்வதில்லை. மூலக்கூறுகள் இடம் அடைக்கும், ஒன்றையொன்று இழுக்கும். அழுத்தம் குறைவாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. சிலிண்டருக்குள் நெருக்கியடித்து நிரப்பினால் கணக்கு உதைக்கும்.

இதை அளந்து காட்டியவர் எங்க ஆள்தான். பெல்ஃபாஸ்டில் வைத்தியம் பார்த்து, பிறகு வேதியியல் பேராசிரியரான தாமஸ் ஆண்ட்ரூஸ். கார்பன் டை ஆக்சைடை மெல்லிய கண்ணாடிக் குழாயில் அழுத்திப் பார்த்தார். சுமார் 31 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது திரவமாகிறது. அப்படி மாறும்போது அழுத்தம் ஏறாமல் நிற்கிறது. அதற்கு மேலே, எவ்வளவு அழுத்தினாலும் திரவமே வருவதில்லை. 1869-ல் இதை நிலைமாறு வெப்பநிலை என்று அறிவித்தார்.

காரணத்தைக் கணக்காகச் சொன்னவர் ஹாலந்தின் லைடன் நகரத்துத் தச்சர் மகன், வாண்டர் வால்ஸ். பள்ளி ஆசிரியர். லத்தீனும் கிரேக்கமும் படிக்காததால் பல்கலைக்கழகத் தேர்வுக்கே தகுதி இல்லைன்னு நிறுத்தப்பட்டவர். இயற்பியல் படிக்க கிரேக்கம் எதுக்குங்க? பிறகு விதி தளர்ந்தது. 1873-ல், 35 வயதில், ஆய்வேட்டைக் கொடுத்தார்.

அவர் செய்தது இரண்டே திருத்தம். மூலக்கூறுகள் அடைக்கும் இடத்தைக் கனஅளவிலிருந்து கழி. அவை ஒன்றையொன்று இழுப்பதால் சுவரில் மோதும் வேகம் குறையுமே, அதை அழுத்தத்திலிருந்து கழி.

போட்டுப் பார்ப்போமா? ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு, 44 கிராம், 27 டிகிரியில், 200 மில்லி இடத்தில். பள்ளிச் சூத்திரப்படி 123 அட்மாஸ்பியர். வாண்டர் வால்ஸ் கணக்கில், முதல் திருத்தம் அதை 156-க்கு ஏற்றும். இரண்டாவது சுமார் 90-ஐக் குறைக்கும். மிச்சம் 67. நிஜ அளவும் இதை ஒட்டித்தான். பழைய கணக்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தப்பு!

ஆண்ட்ரூஸ் கண்ட அந்த எல்லையும் இதே சமன்பாட்டிலிருந்து தானாக வந்து விழுந்தது. 1910-ல் நோபல் பரிசு.

இப்போ தியேட்டருக்கு வாங்க. ஆக்சிஜனின் நிலைமாறு வெப்பநிலை மைனஸ் 118 டிகிரி. நம்ம அறையில் அது திரவமாகவே முடியாது. முள் சொல்வதை நம்பலாம். நைட்ரஸுக்கு 36.4 டிகிரி. ஏசி அறையில் அடியில் திரவம், மேலே வாயு. வாயு வெளியேற வெளியேற திரவம் ஆவியாகி ஈடுகட்டும், முள் அசையாது.

ஆனா 36.4 என்பது நம்ம ஊர் மே மாதத்துக்கு ஒரு விஷயமே இல்லையே? அந்தச் சூட்டில் திரவம் விரிந்து பிரஷர் எகிறும். அதனால்தான் குளிர் நாடுகளில், சிலிண்டர் கொள்ளும் தண்ணீரின் எடையில் 75 சதவீதம் வரை நைட்ரஸ் நிரப்புகிறார்கள். வெப்ப நாடுகளில் 67 சதவீதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.