'அடக்கு' என்றொரு சொல்

ஆங்கிலப் பாடத்தில் வரும் 'சப்ரஸ்' என்ற வினைச்சொல்லுக்கு அகராதியில் 'அடக்கு' என்று பொருள் போட்டிருக்கும். இலத்தீன் மொழியில் 'சப்' என்றால் கீழே, 'பிரெமெரே' என்றால் அழுத்துவது. கீழே போட்டு அழுத்துவது! கோபத்தையும் அடக்கலாம், கலகத்தையும் அடக்கலாம். நம் தமிழிலும் அப்படித்தானே?

இந்த இரண்டு பொருளையும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் 1941-இல் கண்டன. அந்நாளில் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும். சீனத் தொழிலாளிக்குக் கிடைத்த கூலியும் நம்மவருக்குக் கிடையாது. வந்த ஆத்திரத்தை மென்று முழுங்கிக்கொண்டுதான் பால்மரம் சீவினார்கள். எத்தனை நாளைக்கு முழுங்குவது? வேலைநிறுத்தம் தொடங்கியது. சம கூலி வேண்டும் என்றதோடு, சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக் கூடாது என்பதையும் கோரிக்கையில் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால், காசைவிட இதுதான் பெரிய கோரிக்கை.

மே மாதத்தில் தலைவர் ஆர்.எச்.நாதன் கைதானார், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே 16-இல் சிலாங்கூரில் அவசரகாலம் பிரகடனமானது. பட்டாளம் வந்து இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். போராட்டம் அடக்கப்பட்டது.

மாணவர்களே, வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களைப் பெற்றவர்கள் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம்.