கண்ணாடிக்குள் சமுத்திரம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தைப் பற்றிப் பேசும்போது யாரும் கடலை நினைப்பதில்லை. கருவேல முள்ளும், பருத்திக் காடும், வெடித்துக் கிடக்கும் கண்மாயும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1985-ஆம் ஆண்டில் விருதுநகர் தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில், இந்தச் சீமையும் மண்டபம், ராமேசுவரக் கரையும் ஒரே ராமநாதபுரம் ஜில்லாவில்தான் இருந்தன. திருச்சுழியைத் தொட்டுக்கொண்டு போகிற குண்டாறு, தண்ணீர் ஓடுகிற அபூர்வமான வருஷங்களில், மன்னார் வளைகுடாவில்தான் போய் விழுகிறது. ஆகையால் இந்தப் பக்கத்து வீட்டுக் கூடம் ஒன்றில் ஓர் உப்புநீர்த் தொட்டியும், அதற்குள் மஞ்சளும் நீலமுமாகக் கடல் மீன்களும் இருந்தால் அதை அந்நிய நாட்டு விசித்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். தூரத்து உறவுக்காரர் வந்து தங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆனால், “சின்னத் தொட்டிதான், நல்ல நிறமாக எந்த மீனை வாங்கிப் போடலாம்?” என்று கேட்பவருக்குச் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. அந்தக் கேள்விக்கு நூற்றெழுபது வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அது முழுவதும் இன்பமான சரித்திரமும் அல்ல.

1853-ஆம் ஆண்டில் லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவிலிருந்த மிருகக்காட்சி சாலையில் ஜனங்கள் பார்ப்பதற்கென்று மீன் வீடு ஒன்றைத் திறந்தார்கள். அதற்கு வேண்டிய கடல் ஜீவன்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் ஃபிலிப் ஹென்றி காஸ் என்பவர் ஒருவர். தெய்வபக்தி மிகுந்த மனிதர். கடற்கரைப் பாறைக் குழிகளில் முழங்காலிட்டுக் கிடப்பதையும் ஒரு வழிபாடாகவே நினைத்தவர். மறுவருஷம் அவர் ‘அக்வேரியம்’ என்ற பெயரில் ஒரு புத்தகம் எழுதினார். சீமான்களும் சீமாட்டிகளும் அதைப் படித்துவிட்டு வரவேற்பு அறையில் கண்ணாடித் தொட்டி வைக்க ஆரம்பித்தார்கள். அதே 1854-இல் காஸ் இன்னொரு காரியமும் செய்தார். சோற்றுப்பு, பேதியுப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு என்று நாலு உப்புகளைக் கணக்காகச் சேர்த்துச் செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையை வெளியிட்டார். கடலையே பார்த்தறியாத ஊரிலும் கடலைக் கலக்கிக்கொள்ளலாம் என்று ஆயிற்று! அருப்புக்கோட்டைக்காரருக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் முக்கியமான வருஷம் அதுதான்.

அதன் பின் நடந்தது என்ன? புத்தகத்தைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போனார்கள். கையில் வாளியும் உளியும். அழகானது எதுவோ அதையே பெயர்த்து எடுத்தார்கள். கொண்டுபோனதில் பெரும்பகுதி தொட்டியில் செத்தது, மறுபடியும் போனார்கள். காஸின் மகன் எட்மண்ட், 1907-இல் வெளிவந்த ‘தந்தையும் மகனும்’ என்ற நூலில், தாம் சிறுவனாக இருந்தபோது நந்தவனம் மாதிரி இருந்த அந்தப் பாறைக் குழிகள் சூறையாடப்பட்டதைத் துக்கத்தோடு சொல்லுகிறார். நேசித்தவருடைய புத்தகமே நேசித்த பொருளுக்கு எமனாக வந்தது. ஒரு நாவலாசிரியன் இப்படிக் கற்பனை செய்து எழுதினால், ‘செயற்கையாக இருக்கிறது’ என்று விமரிசகர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். சென்னை மெரீனாவில் கடல் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது 1909-இல். அதற்கு முயற்சி எடுத்தவர் மியூசியம் அதிகாரியாக இருந்த எட்கர் தர்ஸ்டன். தென்னாட்டுச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு பெருந்தொகுதிகள் போட்டாரே, அதே மனிதர்தான். அந்தத் தொகுதிகள் வந்ததும் 1909-தான். ராமேசுவரத்துக் கடல் ஜீவன்களைப் பற்றி அதற்கு முன்பே ஆராய்ந்து எழுதியவர் அவர். 1919-இல் காட்சிசாலை மீன்வளத் துறையின் கைக்குப் போயிற்று. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய 1942-இல் அதையும் மூடினார்கள்.

சமுத்திரத்தை எதிரே வைத்துக்கொண்டிருக்கிற காட்சிசாலைக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒரு மீன் செத்தால் மறுநாள் வலையில் இன்னொன்று வரும். வீட்டுத் தொட்டிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அங்கே தேர்ந்தெடுத்த மீன் பிழைத்தாக வேண்டும். எப்படிப் பிழைக்கும் என்கிற வித்தையில் ஒரு பங்கு நம்முடைய பழைய ஜில்லாவிலேயே கற்கப்பட்டது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949-இல் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. 1971-இல் தலைமை அலுவலகம் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் ஆராய்ச்சி நிற்கவில்லை. வெளியே கடலோ வேறு பாட்டில் இருந்தது. பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டிப் படகில் ஏற்றியதில் தீவுகளுக்கு அரணில்லாமல் போய், இருபத்தொரு தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. 1986-இல் அந்தத் தீவுக் கூட்டத்தைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001-இல் கடல் குதிரையும் உயிருள்ள பவளமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தன. எனவே கடைக்காரர் எவ்வளவு குழைந்து பேசினாலும் அந்த இரண்டும் தொட்டிக்கு ஆகாது.

பின்னே எதுதான் ஆகும்? இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷங்களில் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சு வளர்த்துக் காட்டினார்கள். சிதம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள பரங்கிப்பேட்டையிலும் இந்த வேலை நடந்தது. 2003-இல் வந்த அமெரிக்கச் சித்திரப் படத்தினால் நம் பிள்ளைகள் ‘நீமோ’ என்று அழைக்கிறார்களே, அந்த ஜாதி மீன்தான். மன்னார் வளைகுடாவில் வாழும் வகை, கறுத்த உடம்பில் வெள்ளைப் பட்டையும் மஞ்சள் வாலுமாக இருக்கும். இதன் குடும்பக் கதை வேடிக்கையானது. பிறக்கும்போது எல்லாமே ஒரே மாதிரி, முதலில் ஆணாகும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும். பெண் போய்விட்டால், அடுத்த பெரிய ஆண் அந்த இடத்துக்கு வந்து பெண்ணாகும். முட்டையைக் காவல் காத்து, துடுப்பால் விசிறிக்கொண்டே இருப்பது தகப்பன். ஒரு வாரத்தில், விளக்கணைந்த பிறகு, குஞ்சு பொரியும். அந்தக் குஞ்சுகளின் வாய்க்கு ஏற்ற கண்ணுக்குத் தெரியாத இரையையும் கூடவே வளர்க்கத் தெரிந்த பிறகுதான் காரியம் கைகூடிற்று.

நூறு லிட்டர் தொட்டிக்கு இந்த ஜோடி ஒன்றே போதும். கடல் தாமரை வேண்டியதில்லை. அது இல்லாமலும் தொட்டியில் சுகமாக இருக்கும். நீல டாம்சல் மீன் மலிவு, உறுதியானது, பளிச்சென்ற நிறம். ஆனால் சின்ன இடத்தில் அது பங்காளிச் சண்டைக்காரன். மற்றதைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். வண்ணத்துப்பூச்சி மீனைப் பார்த்தால் மனசு போய்விடும் என்பது வாஸ்தவம். அந்த ஜாதியில் பல, உயிருள்ள பவளத்தைக் கொறித்துத் தின்று பிழைப்பவை. நாம் போடும் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு, கண்ணெதிரே பட்டினி கிடந்து சாகும். சிங்க மீனோ முதுகு முள்ளில் விஷம் வைத்துக்கொண்டு, கூட இருக்கிற சிறியவர்களையெல்லாம் விழுங்குகிற ஆசாமி. கடைக்குப் போனால் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால், “இது பாரில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா?” என்று கேட்பதுதான் முறை. தெரியாது என்று கடைக்காரர் சொன்னால், பாரில் பிடித்தது என்றே வைத்துக்கொள்ளலாம். காஸ் காலத்துக் கனவான்களை யாரும் இந்தக் கேள்வி கேட்கவில்லை.

தண்ணீர் விஷயம் பாக்கி. நம் ஊர்க் கிணறுகளில் பாதி உப்புத் தண்ணீர்தானே, அதையே ஊற்றினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கிணற்று உப்பு வேறு, கடல் உப்பு வேறு. லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு, அதுவும் கடலிலிருக்கிற விகிதத்திலேயே வேண்டும். அடுக்களை உப்பு மட்டும் கரைத்தால் கடல் ஆகாது. கலக்கிய பிறகும், மீன் கழிவின் நஞ்சை முறிக்கிற நுண்ணுயிர்கள் பெருகும்வரை சில வாரங்கள் மீனில்லாமல் பொறுத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் இன்னொன்றும் உண்டு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சிறிய தொட்டியில் இரண்டே நாளில் நீர் கரித்துப் போய்விடும். அந்தக் குறையை உப்புநீரால் நிரப்பக் கூடாது, நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். குடம் இத்தனை ரூபாய் என்று விலை கொடுத்து வாங்குகிற தெருக்களில், குடும்பத்துத் தலைகளை எண்ணிக் குடம் இறக்கும்போது, தொட்டிக்கும் தினம் ஒரு செம்பு என்று சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.