பக்கத்து வீட்டுக்காரியே ஜாமீன்

மாசாமாசம் கூட்டம் போடுகிறோம், சேமிப்புக் கட்டுகிறோம், தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். இந்த வழியில் நமக்கு முன்னால் நடந்த பெண்களைப் பற்றி இந்த மலரில் எழுதுகிறேன்.

சென்னையில் பூ, காய்கறி, மீன், இட்லி விற்கிற பெண்களுக்கு ஒரு காலத்தில் முதல் கொடுக்கிற ஆள் தண்டல்காரர்தான். காலையில் 90 ரூபாய் வாங்கினால் பொழுது சாய 100 ரூபாயாகத் திருப்பித் தரணும். ஒரு நாளைக்கு 10 ரூபாய் என்றால் மாசத்துக்கு 300 ரூபாய். கையில் வாங்கியதைப்போல மூணு மடங்குக்கு மேல் வட்டிக்கே போயிடும். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து விற்றாலும் மறுநாள் முதலுக்கு அதே ஆளிடம்தான் போய் நிற்கணும். பேங்குக்குப் போகலாம் என்றால் பட்டா இல்லை, நகை இல்லை, ஜாமீன் போட ஆள் இல்லை.

1978-ல் ஜெயா அருணாசலம் என்கிற அம்மா சென்னையில் உழைக்கும் பெண்களுக்கு ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் என்று பெயர். அவர் காங்கிரஸ் கட்சியில் வேலை செய்தவர். அரிசியும் துணியும் கொடுத்தால் நாலு நாளில் தீர்ந்துவிடும், இந்தப் பெண்களுக்குத் தேவை தொழிலுக்குச் சின்னக் கடன்தான் என்று புரிந்துகொண்டார். லாப நோக்கம் இல்லாத அந்த அமைப்பில் முதலில் சேர்ந்தவர்கள் சுமார் 800 பேர்.

ஒரே தெருவில், ஒரே குடிசைப் பகுதியில் இருக்கிற பெண்கள் பத்துப் பேர், இருபது பேராகக் குழு சேர்ந்தார்கள். ஒருத்தி வாங்குகிற கடனுக்கு மற்ற எல்லோரும் பொறுப்பு. பட்டாவுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டுக்காரியின் வாக்கே ஜாமீன். குழுவை நடத்தியவர்களும் அதே தெருப் பெண்கள்தான். ஆரம்பத்தில் அரசு வங்கிகளில் வருசத்துக்கு 4 சதவீத வட்டியில் ஏழைகளுக்குத் தருகிற கடனை வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் படிவம், அலைச்சல், காத்திருப்பு என்று வியாபார நேரம் போனது. அதனால் 1981-ல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். திண்டுக்கல்லுக்கும், நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் அதிராம்பட்டினத்து மீனவப் பெண்களுக்கும் அந்த அமைப்பு பரவியது. சாதி பார்க்காத கல்யாணங்களையும் முன்னால் நின்று நடத்தி வைத்தது.

இதற்கு முன்பே குஜராத்தில், அகமதாபாத் நகரத்தில், இலா பட் அம்மா 1972-ல் சேவா என்ற சங்கத்தைத் தொடங்கியிருந்தார். 1974-ல் 4,000 பெண்கள் தலைக்கு 10 ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கியே ஆரம்பித்தார்கள். கையெழுத்துத் தெரியாதவர்களுக்குப் போட்டோவை அடையாளமாக வைத்துக் கணக்கு தொடங்கினார்கள்.

இதெல்லாம் தொண்டு அமைப்புகள் செய்தவை. நம்ம மாநில அரசு 1983-ல் மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தை அமைத்தது. 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை பேங்கோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் அது மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. மதுரைப் பக்கம் களஞ்சியம் குழுக்களில் வளர்ந்த சின்னப்பிள்ளை அம்மா விவசாயக் கூலிதான். டெல்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதை நாடே பார்த்தது.

நம்ம ஊருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சம்பா அறுப்பு முடிந்து குறுவை வரும் வரை வயலில் வேலை குறைவு. அறுப்புக்கும் மெஷின் வந்துவிட்டது. அந்த மாசங்களில் கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில் கீரைக்கட்டு வைத்து உட்காருவதும், வீட்டில் தையல் மெஷின் ஓடுவதும், மாடு வாங்கிப் பால் ஊற்றுவதும் குடும்பத்தைத் தாங்குகிறது. ஒருத்தி இட்லிக்கடை போட்டால் மாவு அரைக்கிறவருக்கும், விறகு விற்கிறவருக்கும், வாழை இலை கொண்டுவருகிறவருக்கும் நாலு காசு கிடைக்கும். தெருவே நடமாட்டமாக இருக்கும். ஒரே குழுவில் அக்காவும் இருக்கிறார், லாத்தாவும் இருக்கிறார். ஒருவர் வாக்கை ஒருவர் நம்பிக் கையெழுத்துப் போடுகிறோம்.

இந்த வாக்குக்குத்தான் இப்போது ஆபத்து. வாராவாரம் வசூலுக்கு வருகிற தனியார் கம்பெனிக் கடனுக்கும் நம்ம ஜனங்கள் 'குழு லோன்' என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் பத்துப் பேர் கையெழுத்து, அங்கேயும் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர் பொறுப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, கூரையும் தென்னையும் போன நேரத்திலும் இந்தப் பக்கத்துப் பெண்கள் தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தி கட்டாததற்கு மற்றவர்களை உட்கார வைத்தால் தெருவுக்குள் பேச்சு வார்த்தையே நின்றுபோகும். வட்டியிலிருந்து மீட்க உண்டான ஜாமீனே பெண்களை ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிடுகிறது.

வித்தியாசம் தெரிந்துகொள்ள நாலு கேள்வி போதும். அதில் நம்ம சேமிப்பு இருக்கிறதா? கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது? யாருக்கு எவ்வளவு என்று யார் முடிவு பண்ணுவது? வட்டி யாருக்குப் போய்ச் சேருகிறது? நம்ம குழுவில் உள்கடனுக்கு வருகிற வட்டி திரும்பக் குழுவுக்கே வருகிறது. கம்பெனி வட்டி ஊரை விட்டே போய்விடுகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த மாசக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் வாரக் கடன் இருக்கிற உறுப்பினர்களிடம் மனம் நோகாமல் விசாரித்து, எவ்வளவு பாக்கி என்று எழுதுவோம். அந்தப் பட்டியல் கூட்டமைப்புக்கு வந்தால், உள்கடனிலும் வங்கிக் கடனிலும் யாரை முதலில் மீட்கலாம் என்று உட்கார்ந்து பேசலாம். அப்படிப் பேசும்போது கடன்பட்டவர் தலைகுனிந்து உட்காரக் கூடாது. சென்னையில் 1978-ல் சேர்ந்த அந்த 800 பேரில் பெரும்பாலோர் கடனோடு வந்தவர்கள்தான்.