முன்னால் நின்ற சுழியம்

012 என்று எழுதினால் பன்னிரண்டு என்றுதானே படிப்பீங்க? 1983இல் வந்த பெர்க்லி யூனிக்ஸ், இணைய முகவரியில் முன்னால் சுழியம் கண்டால் அதை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொண்டது. அதற்கு 012 என்றால் பத்து. அந்தப் பழக்கம் இன்னும் போகல.

2021 மார்ச்சில் வெளியான குறை இதில் பிறந்ததுதான். ஒரு முகவரி உள்ளிருப்பதா வெளியிலுள்ளதா என்று சோதிக்க உதவும் 'நெட்மாஸ்க்' நிரல்தொகுப்பு, முன்சுழியத்தைக் கண்டுகொள்ளவில்லை. 0177.0.0.1 வந்தால், '177தானே, வெளி முகவரி' என்று விட்டுவிடும். கணினியோ எட்டடிமானத்தில் படிக்கும். 64+56+7, நீங்களே கூட்டிப் பாருங்க. 127.0.0.1, அதாவது அதே கணினி! வெளியாள் ஒருவர் சேவையகத்தை அதன் உள்ளறைக்கே அனுப்பிவிடலாம்.

பைத்தான் கதை இன்னும் வேடிக்கை. குழப்பம் தரும் முன்சுழியத்தை மறுத்துவந்த அதன் முகவரித் தொகுப்பு, 2019இல் 3.8ஆம் பதிப்பில் அந்தத் தடையை எடுத்துவிட்டது. 2021 மே மாதம் 3.9.5இல் திரும்பப் போட்டது.