முதல் விருப்பும் வெட்டுப்புள்ளியும்

விரும்பிய துறைக்கு அநுமதி கிட்டாது காத்திருத்தல் ஒருவரின் தனிப்பட்ட துயரமாகவே கருதப்படுகின்றது. இந்நாட்டில் அதற்கோர் அரசியல் வரலாறு உண்டு.

1971 ஆம் ஆண்டு அநுமதியின்போது மருத்துவ பீடத்துக்கு 400 புள்ளிகளுள் சிங்கள மொழிமூல மாணவர் 229 உம், தமிழ் மொழிமூல மாணவர் 250 உம் பெறவேண்டியிருந்தது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு இவை முறையே 227, 250. 240 புள்ளி பெற்ற தமிழ் மாணவன் பரீட்சையில் தோற்றவனல்லன். கற்ற மொழியினாற் பின்தள்ளப்பட்டவன். 1973 இல் மொழிமூலத் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்டப் பங்கீடும் தொடர்ந்தன.

மாவட்டப் பங்கீட்டையும் மொழிவாரி வெட்டுப்புள்ளியையும் ஒரே தட்டில் வைத்து நோக்குவது பொருந்தாது என்பது என் கருத்து. யாழ்ப்பாண மாணவர் பெற்றுவந்த இடங்களை அது குறைத்தது உண்மையே. ஆயினும், ஆய்வுகூட வசதியோ விஞ்ஞான ஆசிரியரோ போதியளவு வாய்க்கப்பெறாத மன்னார், வவுனியா போன்ற மாவட்டங்களின் தமிழ் மாணவருக்கு அதுவே வாயிலைத் திறந்தது. நம் மேடைகளில் இவர்களைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. சட்டத்தை முதல் விருப்பாக எழுதி, வெற்றிடங்கள் நிரப்பப்பட்டு முடியும்வரை காத்திருந்து, ஈற்றிற் கலைப்பீடம் வந்துசேர்ந்த நானும் பேசியவனல்லன். (எனது மாவட்டம் யாழ்ப்பாணம்.)

விகிதங்கள் பின்னர் பலமுறை மாறின. இன்று 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. அப்பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் மன்னார், வவுனியாவோடு யாழ்ப்பாணமும் இடம்பெற்றுள்ளது.